ஒன்பதாவது விதி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் “பரவாயில்லை” என்று எழுதியிருந்தாய். உன் அகராதியில் அதற்கு “படுமோசம்” என்று பொருள். மாத்திரை சாப்பிடுகிறாயா, இல்லை டப்பாவைப் பார்த்தே குணமாக்கிக்கொள்கிறாயா?

ஒரு விஷயம். நீங்கள் ஆரம்பித்த போட்டோ கிளப்புக்கு இந்த ஆகஸ்டில் முப்பது வயது ஆகிறது. ஒரு வரலாற்றுப் புத்தகம் போடப்போகிறார்களாம். எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார் தலைவர் சோடாபுட்டி. “அச்சகத்துல பிழை திருத்துற பொம்பளை நம்ம கிளப்புல இருக்கும்போது வெளியில எதுக்கு ஆள் தேடணும்?” என்றார். நான் உறுப்பினராகி ஒன்பது வருஷத்தில் உருப்படியாக ஒரு படம் எடுத்ததில்லை. அதற்குத் தண்டனை போலிருக்கிறது.

தபால் ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு சோடாபுட்டியின் கண்ணாடி இன்னும் தடித்துவிட்டது. எதிரில் நிற்பவரைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் ஆகிறது. ஆனால் படத்தில் ஃபோகஸ் ஒரு மயிரிழை தவறினால் அங்கிருந்தே கத்துகிறார்.

ஆரம்பக் கதை உனக்கும் அவருக்கும் தையற்காரருக்கும்தான் தெரியும். அவருக்கு ஞாபகமறதி, தையற்காரருக்குக் காது கேட்காது. ஆகவே நீதான் எழுத வேண்டும்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னார்கள். கிளப்பில் பத்து விதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பதாவது: “படத்தில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் எந்தப் படத்தையும் கண்காட்சியில் வைக்கக் கூடாது.” மற்ற ஊர் கிளப்களில் இப்படி ஒரு விதி இல்லை என்று எல்லாருக்கும் பெருமை. இதை யார் கொண்டுவந்தார், ஏன் என்று குறிப்பேட்டில் இல்லை. “ஒன்பதாவது விதி ஏற்கப்பட்டது” என்று ஒரு வரி, பிறகு பக்கம் முழுக்க வெறுமை. உனக்கு ஏதாவது தெரியுமா?

இவரும் பிள்ளைகளும் உன்னை விசாரித்தார்கள். குளிரில் காதை மூடிக்கொள்.

உன் தங்கை

*

ஜனவரி 31

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டேன். நலம். முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கதை வேண்டுமென்றால் கேள்.

கிளப் பிறந்தது நம் வீட்டுக் குளியலறையில். அப்போது எனக்குப் பதினெட்டு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்ததால் பிலிம் கழுவத் தெரியும். சோடாபுட்டியிடம் ஒரு கேமரா இருந்தது, தையற்காரரிடம் மாடி அறை இருந்தது. இருட்டறை மட்டும் இல்லை. நம் குளியலறை ஜன்னலில் கம்பளியை அடித்து, சிவப்பு பல்பு மாட்டினோம். தினமும் சாயங்காலம் அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டுவாள். “டேய், மனுஷி குளிக்கணுமா வேண்டாமா?” உள்ளேயிருந்து சோடாபுட்டி, “இன்னும் நாலே நிமிஷம்மா, இப்பதான் முகம் தெரிய ஆரம்பிக்குது” என்பார். “என் முகமே எனக்கு மறந்துபோச்சுடா!” என்று அம்மா கத்துவாள். அன்று உனக்கு ஒன்பது வயது. வாசலில் நின்று யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சிரிப்பாய்.

முதல் கண்காட்சியைத் தையற்காரர் மாடியில் துணிக்கொடி கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். மொத்தம் பன்னிரண்டு படம். அதில் பதினொன்று சூரிய அஸ்தமனம். பன்னிரண்டாவது தையற்காரரின் மிஷின். பார்க்க வந்த ஒரு பெரியவர், “ஏம்ப்பா, உங்க ஊர்ல சூரியன் உதிக்கிறதே இல்லையா?” என்று கேட்டார். காலையில் எழுந்திருக்க எங்கள் யாருக்கும் முடியாது என்பதை எப்படிச் சொல்வது?

படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வாங்கியது, தையற்காரர் பின்திரை தைக்கும்போது சோடாபுட்டியின் சட்டை நுனியையும் சேர்த்துத் தைத்துவிட்டது, எல்லாவற்றையும் தனித் தாளில் எட்டுப் பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். பிழை திருத்திக்கொள்.

தையற்காரரின் காது எவ்வளவு மோசம்? மாடிப்படியில் மூன்றாவது படி இன்னும் ஆடுகிறதா? கீழே பழம் விற்ற அம்மா இருக்கிறாரா? குறிப்பேட்டை எழுதுவாரே மூக்குப்பொடிக் கணக்கர், அவர்? பக்கத்து வீட்டு முற்றத்து வேப்பமரம்? எல்லாம் எழுது. ஒன்றையும் விடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அச்சகத்தில் மங்கிய விளக்கில் படிக்காதே.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணா,

நலம். நலமறிய ஆவல். பெரியவளுக்கு ஜுரம் வந்து போய்விட்டது. சின்னவன் உன் எட்டுப் பக்கத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னான். சட்டையைச் சேர்த்துத் தைத்த இடத்தில் இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

தையற்காரருக்கு வலது காது அறவே இல்லை. மூன்றாவது படி ஆடுகிறது. பழக்கார அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கணக்கர் மகள் வீட்டில் இருக்கிறார். வேப்பமரத்தை வெட்டி அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

நீ ஆளையும் விசாரித்தாய், படியையும் விசாரித்தாய், மரத்தையும் விசாரித்தாய். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். உன் எட்டுப் பக்கமும் ஐந்தாம் வருஷத்தோடு நின்றுவிட்டன. ஆறாம் வருஷக் குறிப்பில் கணக்கர் இப்படி எழுதியிருக்கிறார்: “இன்று தொலைபேசி நிலையத்தில் பணிபுரியும் பெண் ஒருவர் உறுப்பினராகச் சேர்ந்தார். கிளப்பின் முதல் பெண் உறுப்பினர். அவருக்கு ‘நம்பர் ப்ளீஸ்’ என்று பெயர் சூட்டப்பட்டது. பலத்த சிரிப்பு.”

அவரைப் பற்றி ஒரு வரி வேண்டுமே, அண்ணா. முதல் பெண் உறுப்பினர் இல்லாமல் எப்படி வரலாறு எழுதுவது? ஒன்பதாவது விதியைப் பற்றியும் நீ ஒன்றும் எழுதவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை

*

மார்ச் 27

அன்புத் தங்கச்சிக்கு,

தாமதத்துக்கு மன்னி. ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நம்பர் ப்ளீஸ் பற்றி: தையற்காரர் கடைக்கு யாரோ போன் செய்தபோது, “நம்பர் ப்ளீஸ்” கேட்டு இணைப்புக் கொடுக்கிற இடைவெளியில், “உங்க கிளப்புல பொம்பளைங்களைச் சேர்ப்பீங்களா?” என்று கேட்டாள். தையற்காரருக்கு அப்போது காது நன்றாகக் கேட்டது, ஆனால் பதில் தெரியவில்லை. என்னிடம் ரிசீவரை நீட்டினார். “சேர்ப்போம்” என்றேன். இரண்டு வருஷம் இருந்தாள். எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் படம் எடுப்பாள். இதைப் போட்டுக்கொள்.

ஒன்பதாவது விதியை முன்மொழிந்தது நான். புத்தகத்தில் இப்படி எழுது: “எட்டாம் ஆண்டில் உறுப்பினர் ஒருவர் செய்த தவறினால் இந்த விதி ஏற்பட்டது.” அதற்கு மேல் கேட்டால் அந்த உறுப்பினர் நான்தான் என்று சொல். விதி ஏற்கப்பட்ட மறுவாரம் நான் இங்கே கிளம்பி வந்துவிட்டேன்.

எல்லாருக்கும் அன்பு.

அண்ணன்

*

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் ஆளைத் தின்கிறது.

நேற்று தையற்காரர் மாடியில் பழைய பெட்டிகளைப் பிரித்தோம். ஒன்றின் அடியில் அந்தப் படம் இருந்தது. எட்டு ஊர் கிளப்கள் சேர்ந்து நடத்திய போட்டியில் முதல் பரிசு வாங்கியதே, அது. ஏரிக்கரைச் சுவரில் சாய்ந்து, காற்றில் தலைமுடி கலைந்து, நம்பர் ப்ளீஸ் கேமராவைப் பார்த்துத் திரும்புகிற படம். ஓரம் மட்டும் கொஞ்சம் பழுத்திருக்கிறது. முகத்தில் ஒரு புள்ளி கூட விழவில்லை.

சோடாபுட்டி அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இது அட்டையில வரணும்” என்றார். நான், “ஒன்பதாவது விதி?” என்றேன். “அதனாலென்ன, அந்த அம்மாகிட்டயே போய்க் கேட்டுட்டா போச்சு. டைப் இன்ஸ்டிடியூட் இங்கேதானே இருக்கு” என்றார்.

உனக்கு நான் எழுதவில்லை. நம்பர் ப்ளீஸ் இந்த ஊருக்குத் திரும்பி ஆறு வருஷம் ஆகிறது. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் வெளியூரில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். கடைத்தெருவுக்குப் பின்னால் தட்டச்சுப் பள்ளி வைத்திருக்கிறார். டைப் டீச்சர் என்றால் எல்லாருக்கும் தெரியும். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அவரிடம் யார் போய்ச் சம்மதம் கேட்பது என்று பேச்சு வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அச்சகத்தில் வேலை மும்முரம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று என்னதான் நடந்தது, அண்ணா? எனக்குப் பாதிதான் தெரியும்.

தங்கை

*

மே 20

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம்தானே? எனக்கும் ஒன்றுமில்லை. ஐந்து வாரமாக இந்தக் கடிதத்தைத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

ஆறு வருஷமா? சரி.

நீ கேட்டதால் எழுதுகிறேன். புத்தகத்துக்கு அல்ல.

பரிசுப் படங்களின் கண்காட்சியில் அந்தப் படம் நகர மன்ற வாசலுக்கு நேராக, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டுத் தொங்கியது. நான் உள்ளே நுழைந்தபோதே சுற்றிக் கூட்டம். நல்ல படத்தைச் சுற்றிக் கூட்டம் சேரும்போது ஒரு அமைதி இருக்கும். அது இல்லை. “யாரைப் பாத்துடா இப்படித் திரும்பறா?” என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன், “எடுத்தவன் பேருதான் கீழே போட்டிருக்கே” என்றான். ஊர் வாய்க்கு அவ்வளவு போதும். பத்திரிகையில் பரிசுச் செய்தி பார்த்துவிட்டு அவள் அப்பா வந்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர், யூனிபாரத்தோடு. படத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைத் தலையில் வைக்காமலே போய்விட்டார்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலுக்கு வந்தாள். பின்னால் அவள் அப்பா.

“நீங்களா வச்சீங்க?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“என்னைக் கேக்காமலா?”

“ஆமா.”

அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றாள். நான் திரும்பி நடந்துவிட்டேன். அந்த மாதமே வேறு ஊரில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. நான் செய்ய முடிந்தது ஒரு விதி எழுதி வைப்பதுதான். பிறகு கிளம்பிவிட்டேன்.

இங்கே வந்த பிறகு நான் யார் முகத்தையும் படம் எடுத்ததில்லை. எலும்பு மட்டும்தான். அதைப் பார்த்து யாரும் யாரையும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அண்ணன்

*

ஜூன் 3

அண்ணா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. அச்சகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

நீ வைக்கவில்லை. நான் வைத்தேன்.

போட்டிக்குக் கடைசி நாள். நீ படகுப் படத்தை உறையில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாய். அலமாரியில் உன் சட்டைகளுக்கு அடியில் அந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அவரை மனதுக்குள் அண்ணி என்று கூப்பிட்டும் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நல்ல படத்தை ஒளித்துவைத்துவிட்டு ஒரு உளுத்த படகை அனுப்புகிறானே என்று ஆத்திரம். படகை எடுத்துவிட்டு இதை வைத்தேன். உறையில் உன் பெயரை நானே எழுதினேன். பரிசு வந்ததும் உன்னிடம் சொல்லி மார்தட்ட வேண்டும் என்று இருந்தேன். வந்தது பரிசு மட்டுமில்லை. பிறகு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீ ஊரை விட்டே போய்விட்டாய்.

நீ ஏன் அந்த வாசலில் “ஆமா” என்று சொன்னாய்?

அவர் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் அந்தத் தெருவில் நடந்ததில்லை. கடைத்தெருவுக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். எதிரில் வந்தால் சாலையைக் கடந்துவிடுவேன். அடுத்தவர் பிழையைத் திருத்தியே வயது முப்பத்தொன்பது ஆகிவிட்டது.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

தங்கை

*

ஜூன் 19

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் நலமா? நான் நலம். முதலில் அழுகையை நிறுத்து. கடிதத்தில் மூன்று இடத்தில் மை கலைந்திருக்கிறது.

எனக்கு அன்றே தெரியும்.

உன் கையெழுத்தைப் பார்த்து இல்லை. படத்துக்குக் கீழே தலைப்பு எழுதியிருந்தது. “பதில்” என்று. நான் எடுத்த படங்களுக்கெல்லாம் தலைப்பு “படகு”, “மரம்”, “மாலை”. எனக்கு அதற்கு மேல் வராது என்பது உனக்கே தெரியும். அந்த ஏரிக்கரையில் நான் அவளிடம் ஒன்று கேட்டிருந்தேன். அவள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேமராவை எடுத்தேன், அவள் திரும்பினாள். நான் கேட்டதை யாரிடமும் சொன்னதில்லை. பதினேழு வயதில் நீ படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய். கூட்டத்தில் நின்று அந்தத் தலைப்பைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறாள் என்று தோன்றியது.

ஏன் “ஆமா” என்றேன் என்று கேட்டாய். “இல்லை” என்றால் அடுத்த கேள்வி “பின்னே யார்?” அவள் அப்பா நிற்கிறார், தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. உன் பெயர் அந்த வாசலில் விழுந்தால் உன் படிப்பு, உன் வாழ்வு எல்லாம் என்னாகும்? இரண்டு விநாடிதான் இருந்தது. அதில் அவ்வளவுதான் யோசித்தேன். வேறு நல்ல பதில்களை யோசிக்கப் பிறகு இருபத்திரண்டு வருஷம் கிடைத்தது.

இதை அவளிடம் போய்ச் சொல்லாதே. அவள் தன் வாழ்க்கையை வாழ்ந்து முடித்துவிட்டு ஒரு பள்ளியை நடத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். நம் இரண்டு பேர் பாரத்தை மூன்றாவது தலையில் ஏற்ற வேண்டாம். புத்தகத்தில் நான் சொன்னதையே போடு.

அவளுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டதா? சும்மா கேட்டேன்.

அண்ணன்

*

ஜூலை 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

போனேன். உன் இஷ்டத்தை மீறுவது இது இரண்டாவது தடவை.

ஒரு நீளமான அறை. எட்டு மேஜை, எட்டு மிஷின். ஏழில் பெண்கள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டின்மேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி சத்தம். அவர் சுவரோரம் நின்று ஒரு பெண்ணின் சுண்டுவிரலைத் தூக்கி வேறு எழுத்தின்மேல் வைத்துக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறார்.

“பொண்ணைச் சேர்க்கவா?” என்றார்.

“இல்லீங்க, நான் வந்து...”

“தெரியும். ஆறு வருஷமா என்னைக் கண்டா ரோட்டைத் தாண்டிப் போறவங்க நீங்கதானே? ஒரு நாள் லாரியில அடிபடப் பாத்தீங்க. உக்காருங்க.”

காலியாக இருந்த எட்டாவது மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தயார் செய்துகொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் காற்றில் போய்விட்டன. “அந்தப் படத்தை அண்ணன் வைக்கல. அவருக்கே தெரியாம நான்தான் வச்சேன்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்து போய் ஒரு பெண்ணின் தாளைச் சரியாகச் சொருகிவிட்டுத் திரும்பி வந்தார்.

“அவருக்கு எப்போ தெரியும்?”

“அன்னைக்கே.”

“வீட்டு வாசல்ல வந்து நின்னாரே, அப்பவேவா?”

“ஆமா.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். “இருபத்திரண்டு வருஷம் அவர் மேல கோபமா இருந்தேன். எல்லாம் போன பிறகும் அது ஒண்ணு கூடவே இருந்துச்சு. நீங்க திடுதிப்புன்னு வந்து அதையும் எடுத்துட்டுப் போறீங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சரி. கொஞ்ச நாள் உங்க மேல கோபப்பட்டுக்கறேன்” என்றார்.

“படுங்க” என்றேன்.

எழுந்திருக்கப் போனேன். “படம் இருக்கா?” என்று கேட்டார். பையில்தான் இருந்தது. “ஊரே பாத்துச்சு. எங்க அப்பா பாத்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல கூட வேலை பாத்தவங்க எல்லாம் பாத்தாங்க. வேலை போச்சு, ஊர் போச்சு. நான் மட்டும் அதைப் பாக்கவே இல்ல.”

எனக்கு இது தெரியாது, அண்ணா. உனக்குத் தெரியுமா?

படத்தை எடுத்து மிஷின்மேல் வைத்தேன். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். என்னவோ என்று ஒவ்வொரு மிஷினாக நின்றது. அறையே அடங்கிவிட்டது. தலையை நிமிர்த்தாமலே “அடிங்க” என்றார். மறுபடி ஆலங்கட்டி.

“இவ்வளவு சந்தோஷமாவா இருந்தேன்?” என்றார். என்னிடம் கேட்கவில்லை.

படத்தைத் திருப்பித் தரவில்லை. “புத்தகத்துல போட வேணாம். அட்டையிலயும் வேணாம். நடந்ததை எழுதிக்குங்க, என்னைப் பத்தி வேணாம்” என்றார். படியிறங்கும்போது பின்னால் வந்து, “அவருக்கு விலாசம்னு ஒண்ணு இருக்கும்ல?” என்றார். எழுதிக் கொடுத்தேன்.

கோபித்துக்கொண்டாலும் சாப்பிடாமல் இருக்காதே.

தங்கை

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணா,

நலமா? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய். முட்டியா, கோபமா? எதுவாக இருந்தாலும் எழுது.

புத்தகம் வந்துவிட்டது. தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தோராம் பக்கத்தைப் பார். “எட்டாம் ஆண்டில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தன் அண்ணன் எடுத்த படத்தை, அவருக்கும் தெரியாமல், படத்தில் இருந்தவருக்கும் தெரியாமல் போட்டிக்கு அனுப்பினாள். பழியை அண்ணன் ஏற்றுக்கொண்டார். ஒன்பதாவது விதி அதன் பிறகு வந்தது. அந்தப் பெண்தான் இந்த வரலாற்றை எழுதுகிறாள்.” எதிர்ப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே வெறுமையாக விட்டு, “படம் வைக்கப்படவில்லை. விதி 9” என்று அச்சிட்டோம். அச்சகத்தில் படத்துக்கான பிளாக் விழவில்லை என்று நினைத்து இரண்டு தடவை மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

அச்சுக்குப் போகும் முன் இவருக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினேன். இவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சோடாபுட்டி அழுதார். கண்ணாடி தடிமனுக்கு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

விழாவுக்கு டைப் டீச்சர் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என்னிடம் பேசவில்லை. போகும்போது மட்டும், “உங்க அண்ணன் இப்போ எப்படி இருப்பார்? போட்டோ இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். நீ யாரையும் எடுக்க விடுவதில்லை என்றேன். அம்மா இறந்தபோது மூன்று நாள் வந்தாயே, அப்போதுகூட ஒன்று எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லை.

உன் இரண்டு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 30

வணக்கம்.

நான் நலம். நீங்கள் நலமா? தட்டச்சு செய்திருப்பதற்கு மன்னிக்கவும். கையால் எழுதிப் பார்த்தேன், எழுத்து ஒன்றோடொன்று சேரவில்லை. மிஷினில் எழுத்து தானே வரிசையில் நிற்கிறது.

உங்கள் தங்கை வந்து சொன்னார். அவர் மேல் இருந்த கோபமும் ஆறு வாரத்தில் தீர்ந்துவிட்டது. எனக்கு முன்போல் நெடுநாள் கோபப்பட முடிவதில்லை.

ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். என் கணவர் நல்லவர். நான் அழுதுகொண்டே வாழ்ந்தேன் என்று நீங்கள் கற்பனை செய்துகொண்டிருந்தால் அது தவறு. சிரித்தேன், பெண்ணை வளர்த்தேன், சண்டை போட்டேன். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி மறுபடி திரும்பிப் பார்த்த ஞாபகம் இல்லை. அதுவும் உண்மைதான்.

வாசலில் நீங்கள் “இல்லை” என்று சொல்லியிருந்தால் நான் அப்போதே செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்திருப்பேன். இதை எழுத வேண்டாம் என்று இரண்டு தடவை அடித்து அழித்தேன். மூன்றாவது தடவை விட்டுவிட்டேன்.

எனக்கு நாற்பத்தாறு ஆகிறது. உங்கள் முகம் எனக்கு இருபத்தாறிலேயே நிற்கிறது.

பள்ளி ஆறு மணிக்கு முடியும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

இப்படிக்கு,
நம்பர் ப்ளீஸ்

*

செப்டம்பர் 14

இந்தக் கடிதத்தின் தலைப்பில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

நலம். இல்லை, நலமென்று சொல்ல முடியாது. முட்டிவலி இருக்கிறது, படியேற நேரமாகிறது. தங்கையிடம் சொல்ல வேண்டாம்.

அவளுக்கு இரண்டு மாதமாக நான் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை. நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்று அவள் எழுதியிருந்தாள். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. ஊருக்கே காட்டிவிட்டு உங்களுக்குக் காட்டாமல் விட்டுவிட்டேனே என்று அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அன்று வாசலுக்கு வந்தபோது பிரதி ஒன்று என் பையில் இருந்தது. நீட்டத் தோன்றவில்லை.

இருபத்தாறில் நிற்கிற முகத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். தலைமுடி முக்கால்வாசி போய்விட்டது. தாடை தொங்கிவிட்டது. போட்டோ ஒன்று எடுத்து அனுப்பலாம் என்று நேற்று ஸ்டூடியோ வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அந்தக் காசுக்கு டிக்கெட்டே எடுக்கலாம் என்று தோன்றியது.

நாற்பது நாள் லீவு கேட்டேன். “இருபத்திரண்டு வருஷத்தில் மூன்றே நாள்தான் எடுத்திருக்கிறாய், வீட்டில் யாருக்கு என்ன?” என்று மேலதிகாரி கேட்டார். சிரித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்டோபர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேருவேன். தங்கைக்கு இன்றே தனியாக எழுதுகிறேன், ஸ்டேஷனுக்கு ஊரைத் திரட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று. முதலில் அவள் வீட்டுக்குப் போகமாட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். புரிந்துகொள்வாள்.

கடிதம் முழுக்க “நீங்கள்” என்றே எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தில் அப்படி இருந்ததால் நானும் அப்படியே தொடங்கினேன். படித்துப் பார்த்தால் யாரோ யாருக்கோ எழுதிய மாதிரி இருக்கிறது. முழுவதையும் திருத்தி எழுத இனி நேரமில்லை, தபால் எடுத்துவிடுவார்கள்.

வந்துவிடுகிறேன். நீ இரு.